கடைசற்பொறியும் எண்ணெய்நோயும்: வன்னியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழில் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நீராவி இயந்திரத்துக்கும் நூல்நூற்கும் பொறிக்கும் அளித்த இடத்தைக் கடைசற்பொறிக்கு அளித்தாரல்லர். ஆயினும் அவ்விரண்டையும் ஆக்கித் தந்தது கடைசற்பொறியே. அச்சும் உருளையும் திருகாணியும் அதன் வாயினின்றே பிறக்கின்றன. சுழலும் இரும்பின் மீது கூரிய உளி பதியும்போது உண்டாகும் வெப்பம் உளியின் முனையையே மழுக்கிவிடும் வன்மையுடையது. அவ்வெப்பத்தைத் தணிப்பதற்கும் உராய்வைக் குறைப்பதற்கும் வெட்டுமுனையில் இடையறாது ஒரு திரவம் ஊற்றப்படுகின்றது. வேலைத்தலங்களிற் 'கூலன்ற்' என்றும் 'கட்டிங் ஒயில்' என்றும் வழங்கும் இத்திரவம் உளியைக் காத்த வரலாறு பொறியியல் நூல்களில் விரிவாக உண்டு. அதனைக் கையாண்ட மனிதனின் தோலையும் நெஞ்சையும் அது என்செய்தது என்பது மருத்துவ ஏடுகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கும் வேறொரு வரலாறாகும்.

நெல்வயலும் குளமும் காடுமாக அறியப்பட்ட வன்னிப் பெருநிலப்பரப்புக்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்பு யாது என்ற வினா எழலாம். வன்னியிற் கடைசற்பொறி வேரூன்றியது நெல்லின் பொருட்டே என்பது இங்கு நினைக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பணி தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளமும் அதன்கீழ் 1930கள் தொடக்கம் படிப்படியாக எழுந்த குடியேற்றத் திட்டங்களும் கிளிநொச்சியை ஒரு நெற்களஞ்சியமாக்கின. எருமை இழுத்த கலப்பையின் இடத்தில் உழவு இயந்திரம் வந்தது; துலாவின் இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது; உரலின் இடத்தில் அரிசி ஆலை வந்தது. வந்த இயந்திரங்கள் தேய்ந்தன. தேய்ந்த அச்சையும் உடைந்த பற்சில்லையும் கொழும்பிலிருந்து வருவிக்கக் காத்திருந்தால் விதைப்புக் காலம் கடந்துவிடும். ஆகவே ஏ-9 வீதியோரச் சந்திகளிலே ஒரு கடைசற்பொறியும் ஒரு துளைபொறியும் ஒரு ஒட்டுக் கருவியும் கொண்ட சிறு வேலைத்தலங்கள் தோன்றின. வன்னியின் உலோகத் தொழில் பெருந்தொழிற்சாலையின் பிள்ளையன்று, வயலின் பிள்ளை. இவ்வேறுபாடு, பின்னர்க் காணவிருப்பது போல, நோயின் தன்மையையும் அதனை அறியும் வழியையும் ஒருசேரப் பாதித்ததாகும்.

பெருந்தொழிற்சாலை வன்னியில் இல்லாமலும் இல்லை. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்துத் திட்டங்களோடு சேர்த்துப் பேசப்படும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் உருப்பெற்றது. ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எரிசோடாவையும் குளோரினையும் அது உற்பத்தி செய்தது. எரிசோடா சவர்க்காரத்தின் தாய். எண்ணெயை நீரிற் கரையச் செய்யும் கூலன்றுகளில் அக்கரைப்பை நிகழ்த்துவது சவர்க்கார வகையே. கடும் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய வெட்டெண்ணெய்களிற் குளோரின் ஏற்றப்பட்ட பரபின்களும் சேர்க்கப்பட்டு வந்துள்ளன. பரந்தன் கூலன்றை ஆக்கிய ஆலையன்று. எனினும் கூலன்றின் இரசாயனத்துக்குரிய இரு பெரும் மூலப்பொருள்கள் வன்னி மண்ணிலேயே பிறந்தன என்பது கவனத்துக்குரியது. 1980களின் நடுப்பகுதியில் யுத்தம் அவ்வாலையை ஓயச் செய்தது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் யுத்தத்தாற் செயலிழந்தது. எஞ்சியவை வீதியோரக் கொட்டில்களே.

உலக வரலாற்றுக்கு வருவோமாயின், உலோகம் வெட்டுவதில் திரவத்தின் பயனை அளந்து காட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் டெயிலர் ஆவார். பிலடெல்பியாவின் மிட்வேல் உருக்காலையில் 1880களில் அவர் நிகழ்த்திய சோதனைகளில், உளிமுனையிற் கனத்த நீர்த்தாரை விழச் செய்தால் வெட்டும் வேகத்தை நூற்றுக்கு 30 முதல் 40 வரை கூட்டலாம் எனக் கண்டார். துருவைத் தடுக்க அந்நீரிற் சோடா கலக்கப்பட்டது. தம் முடிவுகளை அவர் வெளிப்படுத்தியது 1906 ஆம் ஆண்டிலாகும். ஓர் ஆலை முதலாளிக்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை: கூலி கூடாது, பொறி மாறாது, விளைவு மட்டும் மூன்றிலொரு பங்கு மிகுகின்றது. சோடா நீரைத் தொடர்ந்து கனிய எண்ணெயும், பின்னர் எண்ணெயை நீரிற் கலந்த பால்நிறக் குழம்பும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெயே சேராத செயற்கைத் திரவங்களும் வந்தன. ஒவ்வொரு திரவமும் ஒவ்வொரு நோயைக் கூட்டி வந்தது எனினும் மிகையன்று.

நோயின் கதையோ டெயிலருக்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்டது. இலண்டன் அறுவை மருத்துவர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் விதைப்பையிற் புற்று உண்டாவதை 1775 இல் எடுத்துரைத்தார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுக்கும் உள்ள உறவு தெளிவாக எழுதப்பட்ட முதற் சந்தர்ப்பம் அதுவெனக் கொள்வது மரபு. அடுத்த நூற்றாண்டில் எண்ணெயூறிய பாறையிலிருந்து எண்ணெய் வடித்த ஸ்கொட்லாந்தில், பரபின் தொழிலாளரிடம் அதே புற்றை 1876 இல் இனங்கண்டவர் எடின்பரோவின் ஜோசப் பெல். செர்லக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளனைப் படைக்கக் கொனன் டொயிலுக்கு முன்மாதிரியாக நின்றவர் இவரே. நோயாளியின் கையையும் உடையையும் நோக்கி அவன் தொழிலைச் சொல்லிவிடும் ஆற்றல் பெல்லுக்கு இருந்ததென்பர். தொழில்நோய் மருத்துவத்துக்கு இன்றியமையாத ஆற்றலும் அதுவே.

இவ்வரலாற்றின் மையக் காட்சி லங்காசயரின் பருத்தி ஆலைகளில் அமைகின்றது. அங்கே 'மியூல்' என்னும் நூற்பொறியின் தண்டுகளுக்கு விலங்கெண்ணெயும் தாவர எண்ணெயும் இடப்பட்டு வந்த நிலை மாறி, மலிவான கனிய எண்ணெய் இடம்பிடித்தது. வேகமாகச் சுழலும் தண்டுகள் அவ்வெண்ணெயைத் துளித்துளியாகத் தெறித்தன. அறுந்த நூலை முடியப் பொறியின் மீது நாள்தோறும் குனிந்த நூற்பாளனின் காற்சட்டை இடுப்புக்குக் கீழே எண்ணெயில் ஊறியது. அவனது விதைப்பையில், பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொழிலின் பின்னர், சிறு மருவாகத் தோன்றிப் புற்றாக முற்றிய நோயே 'மியூல் நூற்பாளர் புற்று' எனப் பெயர் பெற்றது. உறுப்பின் பெயர் சொல்ல நாணி மருத்துவரிடம் செல்லாது மறைத்தோர் பலர். நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய பின்னரே அவர்கள் வந்தனர். நாணத்தின் காரணமாக நேர்ந்த மரணங்களை எந்தப் புள்ளிவிபரமும் தனியே பிரித்துக் காட்டுவதில்லை.

இதனை வெளிக்கொணர்ந்தோர் ஆய்வுகூட அறிஞர் அல்லர். மான்செஸ்டர் அரச மருத்துவமனையின் அறுவை மருத்துவர்களான சவுதம், வில்சன் என்போர் 1902 தொடக்கம் இருபதாண்டு காலத்து மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினர். விதைப்பைப் புற்றுடன் வந்தோர் 141 பேர். அவர்களில் ஏறக்குறைய அரைப்பங்கினர் மியூல் நூற்பாளர். புகைபோக்கி துடைப்போரின் நோயென்று பாடநூல்கள் சொல்லிவந்த நோயில் அத்தொழிலாளரைக் காண்பதே அரிதாயிற்று. 1922 இல் இக்கட்டுரை வெளியானதும் அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1926 இல் அதன் அறிக்கை வந்தது. ஆயினும் தீங்கு குறைந்த வெள்ளெண்ணெயையே பாவிக்க வேண்டும், ஆறு திங்களுக்கு ஒருமுறை மருத்துவர் தொழிலாளரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற கட்டாய விதி 1953 இல்தான் பிறந்தது. அவ்வேளையில் மியூல் பொறிகளே அருகிக்கொண்டிருந்தன. அறிவுக்கும் சட்டத்துக்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்தன. இதற்குள் காரணமும் துலங்கியிருந்தது. முயலின் காதிற் கீலைப் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர் யப்பானின் யமகிவாவும் இச்சிகாவாவும், 1915 இல். கெனவேயின் இலண்டன் குழுவினர் இரண்டு தொன் கீலைக் காய்ச்சிப் பகுத்து, பென்சோபைரீன் என்னும் புற்றாக்கியை 1933 இற் பிரித்தெடுத்தனர். நன்கு சுத்திகரிக்கப்படாத கனிய எண்ணெயிற் காணப்படுவனவும் இக்குடும்பத்துப் பொருள்களேயாம்.

நூற்பாளனை விட்டு நீங்கிய நோய் கடைசற்காரனிடம் குடிபுகுந்தது. பேர்மிங்காமின் தானியங்கிக் கடைசற்பொறிகளிற் பணியாற்றியோரின் தோற்புற்றை 1950 இற் குரூக்சாங், ஸ்குவயர் என்போர் எடுத்துக்காட்டினர். பொறியைப் பொருத்திச் சீர்செய்யும் தொழிலாளியே அதிகம் தாக்குண்டான். அவன் பொறியின் மீது சாய்ந்து வேலை செய்தான். எண்ணெய் துடைத்த கந்தையைக் காற்சட்டைப் பையிற் செருகினான். பையினூடே எண்ணெய் தொடையைச் சேர்ந்தது. பிரான்சின் ஆர்வ் பள்ளத்தாக்கிலே, மணிக்கூட்டுத் தொழிலின் வழித்தோன்றலான நுண்கடைசற் பட்டறைகள் செறிந்த ஊர்களிலும் இதே நோய் 1970களிற் பதிவாயிற்று. இவ்விடம் வன்னி வாசகருக்குச் சிறப்பாகக் குறிக்கத்தக்கது; ஏனெனில் அங்கு நோய் கண்டது பேராலைகளில் மட்டுமன்று, சிறு பட்டறைகளிலுமாகும்.

1968 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வழங்கப்பட்ட தீர்ப்பொன்று தனியே நோக்கற்பாலது. விதைப்பைப் புற்றால் இறந்த கருவிபொருத்துநர் ஒருவரின் மனைவி, அவர் தொழில் புரிந்த கெஸ்ட் கீன் அன்ட் நெட்டில்போல்ட்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனத்துக்கெனத் தனி மருத்துவ அலுவலர் இருந்தார். ஆபத்தை அவர் அறிந்துமிருந்தார். ஆயின் தொழிலாளருக்கு எச்சரிக்கைத் துண்டு வழங்கப்படவில்லை. காலமுறைப் பரிசோதனையும் நடத்தப்படவில்லை. அறிவு பெருகப் பெருக அதனோடு ஒத்து நடப்பது நியாயமும் முன்னறிவும் உள்ள தொழில்தருநரின் கடமை என்று நீதிபதி சுவன்விக் கூறி, நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கினார். ஆங்கிலச் சட்ட மரபைத் தழுவிய நாடுகளிலே இத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகின்றது. மருத்துவ அலுவலரே இல்லாத, முதலாளியும் தொழிலாளியும் ஒரே எண்ணெயிற் கை நனைக்கும் பட்டறைக்கு இத்தத்துவம் எவ்வாறு பொருந்தும் என்பதைத் தீர்ப்பு கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அன்று எழவில்லை.

பின்வந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், சுத்திகரிக்கப்படாத அல்லது சிறிதே சுத்திகரிக்கப்பட்ட கனிய எண்ணெய்களை மனிதரிற் புற்றாக்கும் முதற் பிரிவில் 1987 இற் சேர்த்தது. எண்ணெயைத் தூய்மையாக்கியதால் ஒரு வாயில் அடைபட, வேறு வாயில்கள் திறந்தன. துருவைத் தடுக்கச் சேர்த்த நைத்திரைற்று, எதனோல் அமீன்களோடு கூடிப் புற்றாக்கும் நைத்திரோசமீன்களைத் தோற்றுவிப்பதாக அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவகம் 1976 இல் எச்சரித்தது; 1984 இல் அத்தகைய சேர்க்கைக்கு அந்நாட்டிலே தடை வந்தது. பொறியின் அடித்தொட்டியில் நாட்கணக்கிற் சுற்றும் பால்நிறக் குழம்பு நுண்ணுயிர்களுக்குச் சிறந்த உணவாகும். அக்குழம்பு நுண்துளிகளாகக் காற்றிற் கலந்து சுவாசிக்கப்படும்போது தொய்வும், காய்ச்சலோடு கூடிய நுரையீரல் அழற்சியும் உண்டாகின்றன. பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் மோட்டார் இயந்திர ஆலையில் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் எண்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் இவ்வாறு நோயுற்றனர். காற்றின் கனமீற்றர் ஒன்றில் இத்துளிகள் 0.4 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என 1998 இல் மேற்குறித்த அமெரிக்க நிறுவகம் பரிந்துரைத்திருந்தது.

வன்னியின் கொட்டிலில் இவ்வாபத்துகள் எவ்வெவ்வாறு உருக்கொள்கின்றன என்பதே இனி நோக்கத்தக்கது. கூரைத் தகடும் பக்கங்கள் திறந்த அமைப்பும் கொண்ட பட்டறையிலே காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. வேகம் குறைந்த பழைய பொறிகள் லோங்பிரிட்ஜின் பொறிகளைப் போல எண்ணெய் மூடுபனியை எழுப்புவதுமில்லை. ஆகவே நெஞ்சுநோயைப் பொறுத்தவரை வறுமை இங்கு ஒரு கவசமாயிற்று என்று கூறலாம். தோலைப் பொறுத்தவரை நிலைமை மறுதலையாகும். மனிதத் தோல் சிறிது அமிலத் தன்மையுடையது. கூலன்றோ பெரும்பாலும் 9 அளவான பீ.எச். பெறுமானமுடைய காரத் திரவம். நாள்தோறும் அதில் நனையும் கையின் இயல்பான எண்ணெய்ப்படை கரைந்து, தோல் வெடித்து, கிராமத்தவர் கரப்பன் என்று சொல்லும் அழற்சி தோன்றுகின்றது. கடைந்த உலோகத்தினின்று கரைந்து சேரும் நிக்கலும் குரோமியமும் கோபாற்றும் ஒவ்வாமையை வளர்க்கின்றன. வெப்பமும் வேறொரு வகையிற் பங்கேற்கின்றது: கூலன்றின் நீர் ஆவியாகி, எஞ்சிய குழம்பு செறிவடைகின்றது. உலர்வலயக் கிணற்று நீரின் வன்மையோ சவர்க்காரத் தன்மையைக் குலைத்துக் குழம்பைத் திரிக்கின்றது. திரிந்த குழம்பைத் திருத்த மேலும் எண்ணெய் ஊற்றுவது தொழிலாளியின் கைவழக்கு. இவ்வாறு அளவு யாருமறியாது ஏறிச் செல்கின்றது. மாலையிற் கையைக் கழுவ எடுப்பது மண்ணெண்ணெய். அழுக்கை அது நீக்கும். எஞ்சிய தோற்காப்பையும் உடன் நீக்கும்.

இவற்றோடு யுத்தகாலத்துப் பொருளாதாரத் தடையையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். 1990 இல் தொடங்கி 2002 இன் தொடக்கம் வரை எரிபொருள், இரும்பு, மின்கலம், சீமெந்து, உரம் முதலியன வடபுலத்துக்குச் செல்வது தடுக்கப்பட்டோ கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தது. தேசிய மின்வழங்கலும் அற்றுப்போயிற்று. மோட்டார்ச் சைக்கிள்கள் சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. புதிய உதிரிப்பாகம் வாராமையால் பழையதைக் கடைந்தும் ஒட்டியும் உயிர்ப்பித்த கடைசற்காரர் மருத்துவரை ஒத்த மதிப்புப் பெற்றனர். 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்தினின்று பெயர்ந்த மக்களாற் கிளிநொச்சியும், 1996 இற் கிளிநொச்சி வீழ்ந்த பின் மல்லாவியும் புதுக்குடியிருப்பும் நிறைந்தன. கைவினைஞரும் அவர்களோடு வந்தனர். இத்தகைய தட்டுப்பாட்டில் எண்ணெயின் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவருக்கும் இருந்திருக்க முடியாது. ஓடித் தேய்ந்த பெற்றோல் இயந்திரத்தின் பழைய ஒயிலிலே, கெனவே குழுவினர் கீலிற் கண்ட அதே குடும்பத்துப் பொருள்கள் எரிதலின் விளைவாகச் சேர்கின்றன. புதிய ஒயிலிற் சுவடாக இருப்பது பழையதிற் பன்மடங்காகும். உலகம் எண்ணெயைத் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளிற் பழைய ஒயிலை எறிய மனம் வாராத நிலைக்கு வன்னி தள்ளப்பட்டது. குண்டு வீச்சின் கீழ் வாழ்ந்தவனிடம் இருபது ஆண்டின் பின் வரக்கூடிய மருவைப் பற்றிப் பேசுவது அன்று நகைப்புக்கிடமாகவே தோன்றியிருக்கும். ஆயினும் அந்த இருபது ஆண்டுகள் இப்போது நிறைந்துவிட்டன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் பிரித்தானிய முன்மாதிரிகளைத் தழுவி எழுந்தவை. இரண்டும் ஓர் ஆலையையும் ஒரு தொழில்தருநரையும் ஒரு சம்பளப் பதிவேட்டையும் மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. வன்னியின் கடைசற்காரரோ ஒரு முதலாளியிடம் ஐந்தாண்டும், இடம்பெயர்ந்த ஊரில் வேறொருவரிடம் மூன்றாண்டும், பின்னர்த் தம் சொந்தக் கொட்டிலிலும் உழைத்தவர். 2008, 2009 ஆம் ஆண்டுகளிற் கிளிநொச்சி மருத்துவமனையே தர்மபுரத்துக்கும் அதற்கப்பாலும் பெயர நேர்ந்தது. இத்தகைய மண்ணில் இருபது ஆண்டுத் தொழில் வரலாறு தொழிலாளியின் நினைவிலன்றி வேறெங்கும் எழுதப்பட்டிருக்கும் என எதிர்பார்த்தல் இயலாது. மான்செஸ்டரின் மருத்துவர்களுக்கு இருந்த வாய்ப்பு நுண்ணிய கருவியன்று. ஒரே நகரில், ஒரே மருத்துவமனையில், கலையாது கிடந்த இருபதாண்டுப் பதிவேடு.

யுத்தத்தின் பின்னர்ப் புதிய நிலைமைகள் தோன்றியுள்ளன. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பொறிகளின் வேகம் கூடுகின்றது. கணினியாற் கட்டுப்படுத்தப்படும் பொறி மூடிய அறையையும் தொடர்ச்சியான கூலன்றுத் தாரையையும் வேண்டி நிற்கும். திறந்த கொட்டில் தந்த காப்பு அங்கே இல்லை. பீப்பாயிலிருந்து போத்தலிற் பிரித்து விற்கப்படும் எண்ணெயில் அதன் சேர்க்கை எழுதப்பட்ட சீட்டும் ஒட்டியிருப்பதில்லை.

தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 2011 இல் நடந்த நிதிசேர் நடைபயணத்தின் பயனாகத் தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மகரகமை வரை போகவேண்டியிருந்த வன்னி நோயாளருக்கு அது பெரும் ஆறுதலாயிற்று. அங்கோ கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தோல்நோயுடன் வரும் முதியவரின் ஏட்டிலே 'தொழில்' என்ற இடத்திற் 'கூலி' என்றோ 'மெக்கானிக்' என்றோ ஒரு சொல் எழுதப்பட்டால் வினா அத்துடன் முடிந்துவிடும். எந்தப் பொறியில், எந்த எண்ணெயோடு, எத்தனை ஆண்டு என்று கேட்டு எழுதுவதற்கு இன்னும் மூன்று வரிகள் வேண்டும். 1990களின் கொட்டில்களில் இருபது வயதில் உளி பிடித்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டி நிற்கின்றனர். கேட்டால் விடை சொல்ல அவர்கள் இன்னும் இருக்கின்றனர்.